காயில் அடுப்பிலும் கங்கு உண்டு

அமெரிக்கா வந்த மூன்றாம் நாள் காலை காபிக்குப் பால் வைத்தேன். 2015 ஆகஸ்ட் மாதம். ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், பழைய அபார்ட்மென்ட் ஒன்றின் இரண்டாம் மாடி. கரண்டில் ஓடும் அடுப்பு. கேஸ் பர்னருக்குப் பதில் சூடேறும் ஒரு சுருள், அதற்குத்தான் காயில் என்று பெயர். பால் நுரைத்து விளிம்புக்கு ஏறும் நேரம் பார்த்து, ஊரில் செய்வதுபோலவே திருகை அணைத்தேன். பால் அடங்கவில்லை. அணைத்த அடுப்பின் மேல் அது பாட்டுக்குப் பொங்கிக்கொண்டே இருந்தது. திருகைப் பார்க்கிறேன், 'ஆஃப்' என்றுதான் நிற்கிறது. பாத்திரத்தைத் தூக்க வேண்டும் என்று புத்திக்கு எட்டுவதற்குள் பாதிப் பால் காயிலில் வழிந்து, தீய்ந்து, வீடே புகை. புகை அலாரம் அலறியது. அதை எப்படி நிறுத்துவது என்று வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியாது. கணவர் தலையில் சோப்பு நுரையோடு நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறினார்.

அந்த மாதிரி அடுப்போடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்தினேன். முதல் வருஷம் முழுக்கச் சண்டை. பிறகு என் மாமியார் வந்து சமாதானம் செய்து வைத்தார். அங்கே புதிதாகப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் என்ன சொல்வேனோ அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கரண்ட் அடுப்பு புதிதல்ல. கோவையில் விடுதியில் இருந்தபோது கட்டிலுக்கு அடியில் ஒன்றை ஒளித்து வைத்திருந்தோம். வெள்ளைப் பீங்கான் தட்டு, அதில் வளைந்து வளைந்து போகும் பள்ளம், பள்ளத்தில் ஸ்பிரிங் மாதிரி சுற்றிய கம்பி. கம்பி அறுந்தால் இரண்டு முனையையும் இழுத்து முறுக்கிவிட்டு மறுபடி நூடுல்ஸ் வேகவைப்போம். இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. எவர்சில்வர் பாத்திரத்தின் அடி கம்பியில் பட்டால் சுரீர் என்று இழுக்கும். அந்தப் பயம் போகாததால், கொலம்பஸில் முதல் வாரம் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மரக்கரண்டியால் மட்டும்தான் கிண்டினேன்.

தேவையே இல்லை. இங்கே நம் கண்ணுக்குத் தெரிவது கம்பி இல்லை, குழாய். கம்பி அதற்குள்ளே இருக்கிறது. நிக்ரோம் (நிக்கல், குரோமியக் கலவை) கம்பியை நடுவில் விட்டு, சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருக்கிறார்கள். அந்தத் தூள் சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கும் வெளியே நிக்கல், குரோமியம், இரும்பு கலந்த உலோக உறை. கரண்டி பட்டாலும் ஒன்றும் ஆகாது. உறையில் வெடிப்போ குழியோ கண்ணில் பட்டால் மட்டும் அந்தக் காயிலைத் தொடாமல் மாற்றச் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்க வீடுகளில் சாதாரண பிளக்கில் 120 வோல்ட் வரும். அடுப்புக்கு மட்டும் தனி லைன், அதைத் துண்டிக்கும் தனி சுவிட்ச் (பிரேக்கர்), 240 வோல்ட். எங்கள் அடுப்பில் எட்டு அங்குலக் காயில் இரண்டு, ஒவ்வொன்றும் 2,100 வாட். ஆறு அங்குலக் காயில் இரண்டு, ஒவ்வொன்றும் 1,250 வாட். ஒருநாள் வெறுப்பில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கப் பெரியதில் ஐந்தரை நிமிடம், சின்னதில் ஒன்பது. கேஸை விடக் கொஞ்சமும் மட்டமில்லை. கேஸில் பாதிக்கு மேல் சூடு பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறிக் காற்றோடு போய்விடும். காயிலில், அடி சரியாக உட்கார்ந்தால், முக்கால் பங்கு பாத்திரத்துக்குள் போகும். செலவும் பயப்படும்படி இல்லை. பெரிய காயில் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேலே. அப்போது எங்கள் பில்லில் யூனிட்டுக்குப் பதின்மூன்று சென்ட் போல வந்தது.

பிறகு ஏன் சண்டை? என் கைப்பழக்கம்தான். நம் கேஸ் அடுப்பில் பெரும்பாலும், திருப்பியதும் முழுத் தீ, இன்னும் திருப்பினால் சிம். இங்கே திருகை அழுத்தித் திருப்ப வேண்டும். 'ஆஃப்'புக்கு ஒரு பக்கம் 'லோ', மறுபக்கம் 'ஹை', நடுவில் எண்கள். சிம்முக்குப் போகிறேன் என்று நினைத்து 'ஹை'யில் கொண்டுபோய் நிறுத்திய நாட்கள் உண்டு. அதை விடக் குழப்பியது அந்த எண்கள். தீயின் உயரம் மாதிரி என்று நினைத்திருந்தேன். 4 என்றால் நிதானமான தீ, சீராக எரியும் என்று. ஆனால் காயில் கொஞ்ச நேரம் சிவக்கும், பிறகு கறுக்கும், மறுபடி சிவக்கும். உள்ளே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வேறு. அடுப்பு ரிப்பேர் என்று அபார்ட்மென்ட் ஆபீஸில் புகார் கொடுத்தேன்.

வந்த மெயின்டனன்ஸ்காரர் வயதானவர், பொறுமைசாலி. சிரித்துவிட்டு, விளக்கு சுவிட்சைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்துக் காட்டினார். விஷயம் அவ்வளவுதான். இந்த மாதிரிக் காயிலுக்குப் பாதித் தீ என்று ஒன்று கிடையாது. ஒன்று முழுசாக ஓடும், இல்லை முழுசாக நிற்கும். திருகுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சில் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. சூடானால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். அந்த 'டிக்' சத்தம் இதுதான். நாம் வைக்கும் எண், எவ்வளவு நேரம் ஓட வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றுகிறது.

இது புரிந்ததும் என் ரவா உப்புமா ஏன் வளையம் வளையமாகத் தீய்ந்தது என்று புரிந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்தவை எல்லாம் மெல்லிய எவர்சில்வர். காயில் ஓடும்போது அடியில் பட்ட இடம் கருகும், நின்றதும் ஆறிப்போகும். காயிலின் வட்டங்கள் அப்படியே பாத்திரத்தின் அடியில் அச்சு விழுந்திருந்தன. கனமான அடி இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தைத் தானே வாங்கிச் சமன் செய்துகொள்ளும். பணம் குறைவாக இருந்தால் மூன்று பாத்திரம் போதும். நல்ல கனத்தில் ஒரு வாணலி, மூன்று லிட்டர் பாத்திரம் ஒன்று, இரும்புத் தோசைக்கல். மற்றதை மெல்ல வாங்கிக்கொள்ளலாம்.

கனத்தோடு தட்டையாகவும் இருக்க வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் காயில் படாது. என் மதுரை வாணலி உருண்டை அடி. காயிலில் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடியது. நடு வளையத்தில் மட்டும் பட்டு, வெளி வளையங்கள் சூட்டை வாங்க ஆள் இல்லாமல் செக்கச்செவேல் என்று நின்றன. உருண்டைச் சட்டியை நிறுத்த இரும்பு வளையம் கடையில் கிடைக்கிறது. அடுப்போடு வந்த கையேடு அதை வைக்காதே என்கிறது. சூடு உள்ளேயே அடைபட்டுக் காயிலையும் கீழ்த்தட்டையும் கெடுத்துவிடும். பழைய குக்கரின் அடி வெளியே உப்பியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் காயிலை விட ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்பு போன்ற உலோகம் இருட்டில் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிய ஆரம்பிப்பதே 525 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான். அதற்குக் கீழே, 400 டிகிரியில் இருந்தாலும், கறுப்பாகச் சாதுவாக இருக்கும். அடுப்பு மேல் இருக்கும் சின்ன விளக்கை நம்ப முடியாது. திருகை அணைத்ததும் அதுவும் அணைந்துவிடும், காயில் ஆறிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இப்படித்தான் கறுப்புக் காயிலின் மேல் கரித்துணியைப் போட்டுவிட்டு போன் பேசப் போனேன். துணி போயிற்று, நல்லவேளை அதோடு போயிற்று. ரொட்டிப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் பை ஒருமுறை ஒட்டிக்கொண்டது. நன்றாக ஆறிய பிறகு மரக்கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஜன்னலைத் திறந்து வைத்து எரித்துவிட வேண்டியதுதான்.

2016 அக்டோபரில், மகள் பிறக்கப் போகும் நேரம், அத்தை வந்தார். மானாமதுரைப் பக்கம். விமானம் ஏறியது அதுதான் முதல்முறை. இந்த அடுப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு ஒரே கவலை. மறுநாள் காலை அவரே பால் வைத்தார். ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி கட்டத் தொடங்கியதுமே அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பால் தானாக ஏறியது, விளிம்பை எட்டிப் பார்த்தது, தானாக இறங்கியது.

"எப்படித்தே தெரியும்?" என்றேன்.

"வெறக வெளிய இழுத்துட்டா மட்டும் ஒல நின்னுருமாக்கும்? கங்கு கெடக்கும்லத்தா."

ஒரு வருஷம் நான் முட்டிக்கொண்டதற்கு இவ்வளவுதான் விடை. அவர் பாதி ஆயுள் விறகடுப்பில் சமைத்தவர். கேஸ் வந்ததே கணவர் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது. நானோ வீட்டில் கேஸைத் தவிர வேறு அடுப்பே பார்க்காமல் வளர்ந்தவள். திருகினால் அந்த நொடியே தீ கேட்கும் என்று நம்பி வந்துவிட்டேன். கங்கு உள்ள அடுப்பில் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். பருப்பு, கூட்டு எல்லாம் வெந்துவிட்டது என்று தோன்றுவதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்னாலேயே அணைத்துவிட்டு மூடி வைத்தால், மிச்சத்தைக் காயில் முடித்துக்கொடுக்கும். ரசம் ஓரத்தில் நுரை கட்டும்போதே அணைக்க வேண்டும். முட்டை ஆம்லெட்டுக்கு ஒரு நிமிடம் முன்னால்.

இரண்டாம் நாளே அத்தை இன்னொன்றும் கண்டுபிடித்தார். முன்னால் இருக்கும் பெரிய காயிலை 'ஹை'யில் விட்டார். பின்னால் இருக்கும் சின்னதை 2-இல் வைத்தார். இரண்டு திருகையும் பிறகு தொடவே இல்லை. பாத்திரங்கள்தான் முன்னும் பின்னும் போய் வந்தன. பின்னால் இருந்ததற்கு அவர் வைத்த பெயர் கொடியடுப்பு. கிராமத்து மண்ணடுப்பைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். பெரிய அடுப்பில் எரியும் தீயின் சூடு உள்வழியாகப் பக்கத்துச் சின்ன அடுப்புக்கு வரும். சோறு பெரியதில் கொதிக்கும், பாலோ குழம்போ கொடியடுப்பில் சும்மா சூடாகிக்கொண்டே கிடக்கும்.

குக்கர் கவலை அதோடு தீர்ந்தது. முன்பெல்லாம் முதல் விசில் வந்ததும் திருகைச் சின்ன எண்ணுக்கு இறக்குவேன். காயில் அதைக் காதில் வாங்காமல் இன்னும் மூன்று விசில் அடிக்கும், பருப்பு கூழாகும். இப்போது முதல் விசில் அடங்கியதும் இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் நகர்த்திவிடுவது. சாதத்துக்கும் அப்படியே. தாளிப்பும் இதே கணக்குதான். கடுகு வெடித்ததும் அடுப்பை அணைத்துப் பிரயோசனம் இல்லை, மிளகாய் கருகிவிடும். சட்டியைத் தூக்கிப் பக்கத்தில் ஆறிக் கிடக்கும் காயிலில் வைத்துவிட வேண்டும். அதனால் நாலில் ஒன்றை எப்போதும் காலியாக, ஆறவிட்டு வைத்திருப்பேன். மிளகாய் நெடிக்கு முன்பே ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அடுப்புக்கு மேலே விசிறி இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பல அபார்ட்மென்ட்களில் அது காற்றை வெளியே தள்ளாது. ஒரு வலை வழியாக இழுத்து நம் முகத்துக்கே திருப்பி அனுப்பும்.

தோசைக்கு மட்டும் இருவரும் சேர்ந்து ஒரு வாரம் போராடினோம். மதுரையிலிருந்து பெட்டியில் சுமந்து வந்த இரும்புக்கல். எண்ணெய் ஊற்றினால் எப்போதும் வலப்பக்கமே ஓடும். இடப்பக்கம் காய்ந்த தோசை, வலப்பக்கம் பொரித்த தோசை. அத்தை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் காயில் மேல் வைத்துப் பார்த்தார். சரிவு அப்பட்டமாகத் தெரிந்தது. காயிலைக் கழற்றி மறுபடி பள்ளத்தில் சரியாக உட்காரவைத்ததில் பாதி சரியானது. மீதிக்குக் காரணம் அடுப்பின் கால். கீழே நான்கு மூலையிலும் திருகு மாதிரி கால்கள் இருக்கின்றன, திருப்பினால் உயரும், இறங்கும். கணவர் தரையில் படுத்து அதைத் திருகினார்.

சூட்டுக்கு வருவோம். கல்லை 5-இல் வைத்து ஏழெட்டு நிமிடம் காயவிட வேண்டும். அவசரத்துக்கு 'ஹை'யில் வைத்தால் நடுவில் கொதிக்கும், ஓரம் பச்சையாக இருக்கும். முதல் தோசை ஊற்றியதும் 4-க்கு இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஐந்தாவது தோசைக்குள் கல் தாறுமாறாகச் சூடேறியிருக்கும். மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். அப்போது திருகைச் சின்ன எண்ணுக்கு இறக்கிவிட்டுக் காத்திருப்பது வீண். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் தேய்த்துவிட்டு உடனே ஊற்ற வேண்டும். நிதானமாக இருந்தால் இந்தக் கல்லில் வரும் முறுகல் கேஸில் வராது. இதைச் சொன்னால் என் தங்கை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அப்பளம், சப்பாத்தி சுடக் காயிலுக்கு மேல் ஒரு கம்பி வலை போதும். கத்திரிக்காய் சுட ஓவன்தான் நல்லது.

மானாமதுரைக்காரர் மண்சட்டி இல்லாமல் வருவாரா? சேலைகளுக்கு நடுவே சுற்றி, கீறல் விழாமல் கொண்டுவந்திருந்தார். கடம் செய்கிற ஊர் மண், தட்டினால் மணி மாதிரி கேட்கும். குழந்தை பிறந்து நாற்பது நாள் கழித்து முதல் மீன் குழம்பு. வஞ்சிரம் கிடைக்கவில்லை, சால்மன். புளி கொதித்து வரும்போது 'டப்' என்று ஒரு சத்தம். சட்டி அடியில் குறுக்காக விரிசல் விட்டு, குழம்பு சர்ர் என்று காயிலில் இறங்கியது. அத்தை ஒன்றும் பேசவில்லை. சட்டியின் இரண்டு துண்டுகளையும் கழுவிக் காயவைத்தார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விறகுத் தீ சட்டியைச் சுற்றித் தழுவும். காயில் அப்படி இல்லை, பட்ட கோடுகளில் மட்டும் சுடும். மண் சூட்டைப் பக்கத்துக்குப் பரப்பாது. கோட்டில் பட்ட இடம் விரியும், பக்கத்து இடம் அப்படியே நிற்கும், அந்த இழுபறியில் சட்டி பிளக்கிறது. இரண்டாவது சட்டியை (ஆம், இன்னொன்றும் இருந்தது, என்னிடம் சொல்லவில்லை) தோசைக்கல்லின் மேல் வைத்தோம். கல்லுக்கு அடியில் காயில், 2-இல் ஆரம்பித்துக் கால்மணி நேரத்தில் 4 வரை, சட்டியில் எப்போதும் தண்ணீரோ குழம்போ இருக்கும்படி. ஒரு குழம்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்தச் சட்டி இன்றும் என்னிடம் இருக்கிறது.

அடுத்தது பொங்கல், 2017 ஜனவரி. பால் பொங்கி வழிந்தே ஆக வேண்டும் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றார். வழிந்தால் எங்கே போகும்? காயிலுக்குக் கீழே ஒரு கிண்ணத் தட்டு இருக்கும், வழிவதெல்லாம் அதில் விழுந்து தீய்ந்து புகையும். முதல் வருஷம் நான் புத்திசாலித்தனமாக அந்தத் தட்டில் அலுமினியத் தாள் விரித்திருந்தேன், துலக்க வேண்டாமே என்று. மெயின்டனன்ஸ்காரர் ஒருமுறை கோபப்பட்டார் என்றால் அது இதற்குத்தான். தட்டின் நடுவில் உள்ள ஓட்டையை அடைக்கவே கூடாது. தாள் நழுவிக் காயில் சொருகும் முனையில் பட்டால் ஷார்ட் ஆகும். எங்கள் அடுப்பில் பின்பக்கக் காயில் ஒன்றின் கீழே ஓவனின் புகைவழி வேறு இருந்தது. நிறைய அடுப்புகளில் அப்படித்தான். ஓவன் ஓடினால் அந்த அணைந்த காயில் வழியாக அனல் வரும், மேலே பிளாஸ்டிக் டப்பா எதுவும் வைக்கக்கூடாது. ஓவனைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. குளிர்காலத்தில் தோசை மாவு பொங்க, ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டு வைப்போம். வைத்தவர்கள் ஓவன் திருகில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். மாவு உள்ளே இருப்பதை மறந்து ஓவனைச் சூடேற்றாத தமிழ் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

பொங்கலன்று ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தோம். வெளியே பனி. கைக்குழந்தைக்குக் குல்லா. கணவர் ஓர் அட்டையோடு அலாரத்துக்குக் கீழே காவல். பால் பொங்கியது, வழிந்தது, புகைந்தது. அட்டையை மீறி அலாரம் கூவியது. அத்தை அதையும் மிஞ்சிக் குலவை போட்டார். மேல்வீட்டிலிருந்து ஒருவர் வந்து எல்லாம் சரிதானா என்று கேட்டுவிட்டு, ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு திரும்பிப் போனார்.

மறுநாள் துலக்கும் வேலை. நன்றாக ஆறிய பிறகு காயிலின் முன்பக்கத்தை ஓர் அங்குலம் போலத் தூக்கி, நேராக இழுத்தால் சொருகிலிருந்து வந்துவிடும். காயிலைத் தண்ணீரில் போடவே கூடாது, தேய்க்கவும் தேவையில்லை. மறுபடி மாட்டிக் கொஞ்ச நேரம் 'ஹை'யில் விட்டால் ஒட்டியிருப்பது தானே எரிந்துவிடும். தட்டைச் சமையல் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைக்கலாம். முலாம் நீலம் பாய்ந்திருந்தால் அது அழுக்கு இல்லை, சூடு அதிகமானதால் வந்த நிறம், போகாது. புதிது மலிவுதான். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி தட்டின் வெட்டு மாறும். வாங்குவதற்கு முன் அடுப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கீழ் டிராயரை இழுத்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும். கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. எங்களுடையதுபோல நிறைய அடுப்புகளில் அந்த மேல்தகடு முழுவதும் கார் பானெட் மாதிரி தூக்கி நிற்கும். ஒன்றரை வருஷக் கடுகு அங்கே இருந்தது.

அந்தக் குளிர்காலத்திலேயே பெரிய காயில் ஒன்று மினுக்க ஆரம்பித்தது. தட்டினால் ஓடும், நகர்த்தினால் நிற்கும். இதற்கு ஆளைக் கூப்பிடும் முன்பு நீங்களே ஒரு சோதனை செய்யலாம். எல்லாம் அணைந்து ஆறிய பிறகு, பிரேக்கரையும் அணைத்துவிட்டு, அதே அளவுள்ள இன்னொரு காயிலை அந்த இடத்தில் சொருகிப் பாருங்கள். பிரேக்கரை மறுபடி போட்டதும் அது ஒழுங்காக ஓடினால் பழைய காயில் போய்விட்டது. அதுவும் ஓடவில்லை என்றால் கோளாறு சொருகுக் கட்டையிலோ சுவிட்சிலோ. கணவர் மல்டிமீட்டர் வைத்து ஒரு படி மேலே போனார். 2,100 வாட் காயிலின் மின்தடை 27 ஓம் அளவில் இருக்க வேண்டும், 1,250 வாட் என்றால் 46. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் வரும் கணக்கு. எங்கள் காயில் 27 காட்டியது, உடம்பு நன்றாகத்தான் இருந்தது. முனையில்தான் கரி பிடித்துக் குழி விழுந்திருந்தது. சொருகு தளர்ந்து பொறி பறந்திருக்கிறது. மெயின்டனன்ஸ்காரர் காயில், கட்டை இரண்டையும் சேர்த்தே மாற்றினார். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டது நல்லதையும் கெடுத்துவிடும் என்றார். திருகை எந்த எண்ணில் வைத்தாலும் காயில் முழு வேகத்திலேயே ஓடினால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது பிரேக்கரை அணைத்துவிட்டு ஆள் வரும்வரை வெளியே சாப்பிடுங்கள்.

எண்ணெய்ச் சட்டி விஷயத்தில் விளையாட்டே கூடாது. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் கணக்குப்படி வீட்டுத் தீ விபத்துகளுக்கு முதல் காரணம் சமையல்தான், அதிலும் கேஸ் அடுப்பு வீடுகளை விட மின்னடுப்பு வீடுகளில் ஆபத்து அதிகம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தீ கண்ணுக்குத் தெரியாது, அணைத்தாலும் உடனே ஆறாது. வடை சுடும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள், சட்டிக்குப் பொருத்தமான மூடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். எண்ணெய் பற்றிக்கொண்டால் மூடியால் மூடி, அடுப்பை அணைத்து, சட்டியை அப்படியே விட்டுவிட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது, தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது.

2019-இல் வேறு அபார்ட்மென்ட்டுக்குப் போனோம். புது அடுப்பு, அதே காயில், ஆனால் நடுவில் பொத்தான் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. 2018-க்குப் பிறகு அங்கே செய்யப்படும் காயில் அடுப்புகளில், எண்ணெய் பற்றிக்கொள்ளும் சூட்டுக்குப் பாத்திரம் போகாதபடி இப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. பாத்திரத்தின் அடி அந்தப் பொத்தானை அழுத்தி உட்கார வேண்டும். சூடு எல்லை தாண்டினால் காயில் தானே நின்றுவிடும். உப்பிய குக்கரையும் வளைந்த வாணலியையும் இது கிட்டவே சேர்க்காது. பூரிக்கு எண்ணெய் காய்கிற நேரத்தில் பாதியில் நின்று நின்று பொறுமையைச் சோதிக்கும். பொத்தானைக் கழற்ற வழி சொல்லும் வீடியோக்களும் இருக்கின்றன. செய்யாதீர்கள். வீட்டில் குழந்தை ஓடத் தொடங்கியிருந்ததால் நான் திட்டிக்கொண்டே அதை ஏற்றுக்கொண்டேன்.

2021-இல் கேஸ் அடுப்பு உள்ள வீட்டுக்கு வந்தோம். முதல் நாள் காலை பால் வைத்தேன். ஓரத்தில் குமிழி கட்டியதும் அணைத்துவிட்டு, கப் எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பால் அப்படியே கிடக்கிறது, பொங்கவில்லை, ஆடைகூடக் கட்டவில்லை. மறுநாளும் அதே கதை. அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரி சிரியென்று சிரித்தார்.

"நான் இங்க திரும்பி வந்து ஒரு மாசம் பச்சப் பாலுக்குத்தாந்தா ஒற ஊத்துனேன். தயிரு ஏன் இப்புடி இருக்குனு ஒங்க மாமா கேட்டப்ப, மாட்டச் சொல்லித் தப்பிச்சேன்."